எஞ்சின் இல்லாத மாப்பிள்ளை

ஆவூர்க் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது தடை சொல்லி யாரும் எழுந்து நின்றதில்லை. கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் சாமியார் வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது என்பார். வாசித்துவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் நிற்பார். அந்த நேரத்தில் யாராவது இருமுவார்கள், எங்காவது ஒரு குழந்தை சிணுங்கும். சாமியார் காகிதத்தை மடித்துவிடுவார்.

1938-ஆம் வருஷம் மாசி மாதம் மரிய செல்வியின் ஓலை இரண்டாவது முறையாக வாசிக்கப்பட்டது. சாமியார் மூச்சு விட்டு முடிப்பதற்குள் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றார்.

நின்றவர் பெண்ணின் சொந்தத் தாய்மாமன் சவரிநாதன்.

"சாமி, தடை இருக்கு."

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரிய செல்வி முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டாள். அவள் பக்கத்திலிருந்த அம்மா ஜெபமாலையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று ராத்திரி அண்ணன் அவள் வீட்டில்தான் சாப்பிட்டார். இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கினார். தடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன தடை?" என்றார் சாமியார்.

"மாப்பிள்ளை பொய்யன், சாமி. ரயில் ஓட்டுறேன்னு சொன்னான். அவன் ஓட்டுற ரயில்ல எஞ்சினே கிடையாதாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமியார் முறைத்ததும் சிரிப்பு நின்றது. "பூசை முடிஞ்சு உள்ளே வாரும்" என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார்.

சவரிநாதனை அந்தப் பக்கத்தில் யாரும் லேசாக எண்ணிவிட மாட்டார்கள், அதுவும் ரயில் விஷயத்தில். பத்து வருஷத்துக்கு முன்னால் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை போட்டபோது, கீரனூர்ப் பக்கம் மண் சுமந்து கல் கொட்டியவர் அவர். அன்றிலிருந்து ஊரில் ரயிலைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். கீரனூர் ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றால் எஞ்சின் வரைக்கும் நடந்து போய், டிரைவருக்கு வெற்றிலை கொடுத்து நலம் விசாரித்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வந்துதான் ஏறுவார். அவர் ஏறுகிறவரைக்கும் கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டியே வைத்திருப்பார்.

எஞ்சின் டிரைவர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முகத்தில் கரி, சட்டையில் எண்ணெய், நகத்துக்குள்ளே என்ன தேய்த்தாலும் போகாத கறுப்பு. ஆனால் பெண் பார்க்க வந்த அருளப்பன் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தான். காபி டம்ளரை வாங்கும்போது சவரிநாதன் அவன் நகங்களைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் நகம் மாதிரி பளிச்சென்று இருந்தன. அப்போதே மனசுக்குள் ஒரு முள் தைத்தது.

போன வாரம் ஜெபமாலையம்மாள் பேருக்கு அருளப்பனிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சரான மரிய செல்வியே வெட்கத்தோடு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"நான் ஓட்டும் வண்டியில் எஞ்சின் கிடையாது. மின்சாரத்தில் ஓடுவதால் கரியும் புகையும் இல்லை. பட்டணம் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிறோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடுகிறார்கள். தாம்பரத்தில் வண்டியைத் திருப்புவதில்லை. நான் இந்தக் கோடியிலிருந்து இறங்கி அந்தக் கோடிக்கு நடந்து போய் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வருகிறேன்."

கேட்டுக்கொண்டிருந்த சவரிநாதன் எழுந்து போனார். நாலு நாள் யோசித்தார். எஞ்சின் இல்லாத வண்டி, முதல் பொய். பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில், இரண்டாவது பொய். ரயில் என்ன கிணற்று ஏற்றமா, போய்ப் போய் வர? வாலைத் தலையாக்கி ஓட்டுவது மூன்றாவது பொய். ஒரு கடிதத்துக்குள் மூன்று பொய் எழுதுகிறவன், பட்டணத்தில் இன்னொரு பெண்டாட்டி வைத்திருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?

பூசை முடிந்து, கோவிலை ஒட்டிய அறையில் சாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"எலெக்ட்ரிக் வண்டின்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால பார்த்ததில்லை. நீர் பார்த்திருக்கிறீரா?"

"இல்லாத வண்டியை எப்படிங்க சாமி பார்க்கிறது?"

"தெரியாமல் தடை சொன்னால் அதுவும் பாவம்."

"தெரிஞ்சு சொல்லாம விட்டா அது அதைவிடப் பாவமில்லீங்களா?"

சாமியார் தாடியைத் தடவினார். "அடுத்த புதன் போய், அதற்கடுத்த புதன் சாம்பல் புதன். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோவிலில் கல்யாணம் கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்குள் உமது தடையை நிரூபித்தால் சரி. இல்லையென்றால் வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்காதவரைக்கும் நான் ஓலை வாசிக்க மாட்டேன்."

வெளியே வேப்பமரத்தடியில் ஜெபமாலையம்மாள் அழுதுகொண்டு நின்றாள். மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவு நாலே நாள். திங்கட்கிழமை கல்யாணம் என்று கணக்குப் பார்த்து வாங்கிய லீவு. அது போனால் அடுத்த லீவு எப்போதோ. அது கிடக்கட்டும், ஓலை நின்றுபோன பெண் என்று பேர் ஆகிவிட்டால் பிறகு எவன் வருவான்?

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கோயில்ல வச்சா மானத்தை வாங்குவ?"

"உங்கிட்டச் சொன்னா நீ அழுவ. அழுதா எனக்கு மனசு எளகிரும். அதான் நேரா சாமிகிட்டச் சொன்னேன்."

மரிய செல்வி அழவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்களை நிறுத்திக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மாமா, அவரு பொய் சொல்றாருன்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும் தாயி."

"அப்ப பட்டணம் போயிப் பாத்துட்டு வாங்க. அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. பொய்யின்னா, நானே சாமியார்கிட்டப் போயி எனக்கு இந்தக் கல்யாணம் வேணாமுன்னு சொல்லிப்புடுறேன். மெய்யின்னா…"

"மெய்யின்னா?"

"இன்னைக்கு எந்த எடத்துல எழுந்து நின்னீங்களோ, அதே எடத்துல எழுந்து நின்னு சொல்லணும். உள்ளே போயி ரகசியமாச் சொல்லக் கூடாது."

சவரிநாதன் மீசையைத் தடவிக்கொண்டு சம்மதித்தார். அவருக்கு அதில் கஷ்டமே தெரியவில்லை. தோற்கப் போவது அவரல்லவே.

செவ்வாய்க்கிழமை விடியக் கீரனூருக்கு வண்டி கட்டினார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு தபால் கார்டு போட்டுவிட்டுப் போகலாம் என்று ஜெபமாலையம்மாள் சொன்னதற்குச் சவரிநாதன் கேட்கவில்லை. "சொல்லிட்டுப் போனா, எவன் கையிலயாவது ஒரு எஞ்சினை இரவல் வாங்கி நிறுத்திப்புடுவான்" என்றார்.

ரயிலில் ஏறும்போது தங்கைக்குப் புத்தி சொன்னார்.

"பட்டணத்துல கூட்டம் அலைமோதும். நாம பிரிஞ்சு போயிட்டமுன்னா நீ பாட்டுக்கு எறங்கித் தேடாத. உட்கார்ந்த வண்டியிலேயே உட்காந்திரு. போன வண்டி போன வழியாத் திரும்பித்தானே ஆகணும்? நாளைக்கு வரும். அதுல ஒன்னையக் கண்டுபிடிச்சுருவேன்."

கீரனூர்க்காரர்களுக்கு அது சரியான யோசனைதான். அங்கே காலையில் திருச்சிப் பக்கம் போகிற பெட்டிகள்தான் சாயங்காலம் திரும்பி வரும். ரயிலை முகம் பார்த்து அடையாளம் சொல்லுகிற ஊர் அது.

திருச்சியில் வண்டி மாறி, புதன்கிழமை காலை எழும்பூரில் இறங்கினார்கள். தாம்பரத்துக்கு டிக்கெட் வாங்கி இரண்டையும் மடியில் செருகிக்கொண்ட சவரிநாதன், டிக்கெட் கொடுத்தவரிடம் கேட்டார்.

"அடுத்த வண்டி எத்தனை மணிக்குங்க?"

"வந்துக்கினே இருக்கும். போ, போ."

"பாத்தியா, வந்துக்கிட்டே இருக்குமாம். டைம் கேட்டா டைம் சொல்லணும். திமிரு" என்றார் தங்கையிடம்.

பிளாட்பாரத்துக்குப் போவதற்குள் வண்டி வந்துவிட்டது. புகை வரவில்லை, கூவல் வரவில்லை, வெறும் பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. ஆபீசுக்குப் போகிற குடைகளும் பைகளும் டிபன் பாத்திரங்களும் இறங்க, அதே அளவுக்கு ஏற, அந்த நெரிசலில் இருவரும் உள்ளே தள்ளப்பட்டார்கள். உட்காருவதற்குள் வண்டி புறப்பட்டது.

"எஞ்சின் எங்கண்ணே?"

"இருக்கும். முன்னாடி மறைச்சு வச்சிருப்பானுங்க. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிப் பாத்துட்டு வாரேன்."

அடுத்த ஸ்டேஷன் சேத்துப்பட்டு. சவரிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வண்டி புறப்பட்டுவிட்டது. நுங்கம்பாக்கத்தில் வாசல் வரைக்கும் போனார். புறப்பட்டுவிட்டது. கோடம்பாக்கத்தில் ஒரு காலைக் கீழே வைத்தார். பின்னாலிருந்தவர், "பெரியவரே, எறங்குறதா இருந்தா எறங்கு, இல்லாட்டி உள்ளே வா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். மாம்பலத்தில் ஏறிய கூட்டம் அவரை நகரவே விடவில்லை.

"நின்னு மூச்சு விடாத வண்டியா இருக்கே! தண்ணி கிண்ணி குடிக்காதா?" என்று பொருமினார்.

சைதாப்பேட்டையில் வண்டி நிற்பதற்கு முன்பே வாசலில் தயாராக நின்று, நின்றதும் குதித்தார். கீரனூரில் நடப்பதுபோல் எஞ்சினைப் பார்க்க முன்னால் நடந்தார். நாலு பெட்டி நீளம் போனால் போதும். இரண்டாவது பெட்டியைத் தாண்டும்போது பின்னால் ஒரு விசில். பக்கத்திலிருந்த பெட்டி அவரை விட்டு நழுவியது.

"ஏய், நிறுத்து! நான் இன்னும் ஏறலை!" என்று கார்டைப் பார்த்துக் கையை ஆட்டினார். கார்டு கையாட்டலைப் பார்த்து, வழியனுப்ப வந்தவர் என்று நினைத்து, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலில் ஜெபமாலையம்மாளின் முகம் "அண்ணே! அண்ணே!" என்று அலறிக்கொண்டே தூரமாய்ப் போயிற்று.

டிக்கெட் அண்ணன் மடியில். ஊர் தெரியாது, பேர் தெரியாது, கையில் இருப்பது மாப்பிள்ளை வீட்டுக்கென்று கொண்டுவந்த முந்திரிப் பருப்பு மூட்டை ஒன்றுதான். "அடுத்த ஸ்டேஷன்லே எறங்கி நில்லுங்கம்மா" என்றார் எதிரே இருந்த ஒருவர். ஜெபமாலையம்மாள் தலையை ஆட்டி மறுத்தாள். அண்ணன் சொல்லியிருக்கிறார். இறங்கக் கூடாது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மலையும் அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு கோவிலும் தெரிந்தன. பரங்கிமலை. தோமையார் மலை என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னது அதுதான் என்று தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "தோமையாரே, அண்ணனைக் கொண்டாந்து சேர்த்துரு. என் மக ஓலை நின்னுடாமப் பாத்துக்க. ரெண்டும் முடியலேன்னா ரெண்டாவதை மட்டுமாவது பாத்துக்க." சொல்லி முடித்ததும் அண்ணனை நினைத்து நெஞ்சு சுருக்கென்றது. இன்னொரு சிலுவை போட்டு அதைத் திருத்திக்கொண்டாள்.

தாம்பரத்தில் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். பெட்டியைக் கூட்ட வந்தவன் கேட்டான்.

"இன்னாம்மா, கடைசி ஸ்டேஷன். எறங்கலியா?"

"எறங்க மாட்டேன்ப்பா. எங்கண்ணன் வழியில விட்டுப்போயிட்டாரு. இந்த வண்டி நாளைக்குத் திரும்பும்போது இதுலயே போயிருறேன். ராத்திரிக்கு இங்கிட்டே ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன்."

"நாளைக்கா?" அவன் விளக்குமாற்றைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தான். "எட்டு நிமிசத்துல திரும்புது, தாயே!"

"கேலி பண்ணாதப்பா. மனசு சரியில்லை."

"ஆண்டவனாணை. தோ பாரு, டிரைவரே வர்றாரு. அந்தக் கோடியிலேர்ந்து எறங்கி இந்தக் கோடிக்கு வர்றாரு. வந்து ஏறினா வண்டி கெளம்பிடும்."

ஜெபமாலையம்மாள் ஜன்னல் வழியே பார்த்தாள். பிளாட்பாரத்தில் ஒருவன் வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பித்தளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போகிறவன் மாதிரி அவசரமில்லாமல், வண்டியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்தான். மகள் படித்துக் காட்டிய கடிதம் எழுந்து நடந்து வருகிறது போல இருந்தது.

அவன் ஜன்னலைத் தாண்டும்போதுதான் முகம் தெரிந்தது.

"மாப்பிள்ளை!"

அருளப்பன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அத்தை! நீங்களா? எப்ப வந்தீங்க? என் வண்டியிலயா வந்தீங்க?"

"ஒங்க வண்டியா இது? ஐயோ, எங்கண்ணனை விட்டுட்டு வந்துட்டீங்களே!" என்று அவள் ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னாள், ஓலையையும் தடையையும் கூட. மறைத்துப் பேச அவளுக்குத் தெரியாது.

அருளப்பன் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு மணியைப் பார்த்தான்.

"எங்கே எறங்கினாரு?"

"சைதாப்பேட்டையின்னு பலகையில போட்டிருந்துச்சாம். பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க."

"அழாதீங்க. அரை மணியில சைதாப்பேட்டையில இருப்போம். அங்கே நீங்க எறங்கிக்கோங்க. நான் நிறுத்தி வைக்க முடியாது, அத்தை. எனக்குப் பின்னால அடுத்த வண்டி வந்துக்கிட்டே இருக்கும். உங்க அண்ணனைக் கண்டுபிடிச்சு, பாலம் ஏறி அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துல நில்லுங்க. நான் பீச்சுக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல திரும்பி வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கிறேன். டிக்கெட்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அண்ணன் அங்கிட்டு இருப்பாரா, மாப்பிள்ளை? தேடிக்கிட்டு எங்கிட்டாவது போயிருந்தா?"

அருளப்பன் மறுபடி மணியைப் பார்த்தான். ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

அந்த அரை மணி நேரத்தில் ஜெபமாலையம்மாள் எத்தனை மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள் என்பதற்கு எண்ணிக்கை இல்லை.

சைதாப்பேட்டையில் இறங்கியதும் எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்தாள். குதித்த அதே இடத்தில், ஒரு தூணில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சவரிநாதன். எதிரே ஒரு போர்ட்டர் இடுப்பில் கைவைத்து நின்று அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாயா நீ, அஞ்சு வண்டியை விட்டுட்டே! எல்லாம் தாம்பரம்தான் போவுது. ஏறித் தொலையேன்!"

"அது எல்லாம் வேற வண்டி. எந்தங்கச்சி இருக்கிற வண்டி வரட்டும்."

"அந்த வண்டி இந்தப் பக்கம் வராது. அந்தப் பக்கம் வரும், பத்து நிமிசத்துல வந்துடும்."

"பத்து நிமிசமாம்! இந்த ஊர்ல எவனைக் கேட்டாலும் பத்து நிமிசமுன்னுதான் சொல்லுவீங்க போலிருக்கு. எல்லாரும் சொல்லிவச்சுக்கிட்டுப் பேசுறீங்களாடா?"

"அண்ணே!"

பாலத்தில் மூட்டையோடு இறங்கி வரும் தங்கையைப் பார்த்துச் சவரிநாதன் வாயைத் திறந்தார், மூட மறந்தார். எழுந்து நின்றார். மறுபடியும் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"நாளைக்கில்ல வரணும் நீ? எப்படி வந்த?"

"போன வண்டியிலேயேதான் வந்தேன். நீ சொன்னபடி எறங்கவே இல்லை."

"ஒரு மணி நேரத்துலயா?"

"ஒரு மணி நேரத்துலதான். ஓட்டுனது யாரு தெரியுமா? நம்ம மாப்பிள்ளை. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடிக்கு நடந்து வந்தாருண்ணே. நான் ரெண்டு கண்ணாலும் பாத்தேன்."

போர்ட்டர், "தங்கச்சி வந்துச்சா? அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டு, அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இருவரும் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு வண்டி வந்து போயிற்று. இன்னொன்று வந்து போயிற்று. ஒவ்வொன்றுக்கும் சவரிநாதன் விரலை மடக்கினார். ஆறாவது விரலை மடக்கும்போது வந்த வண்டியின் முன் ஜன்னலிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டைக் கை வெளியே வந்து அசைந்தது.

"ஏறுங்க பெரியப்பா, சீக்கிரம்! எஞ்சினைத் தாம்பரத்துல காட்டுறேன்!"

இந்தத் தடவை சவரிநாதன்தான் முதலில் ஏறினார்.

தாம்பரத்தில் அருளப்பனுக்கு அன்றைக்கு வேலை முடிந்தது. வண்டி காலியானதும் சவரிநாதனை முன்னறை வாசலில் நிற்க வைத்துக் காட்டினான். அடுப்பு இல்லை, கரி இல்லை. ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி ஜன்னல், பெட்டி மாதிரி ஒன்றின் தலையில் அந்தப் பித்தளைக் கைப்பிடி.

"எஞ்சின் எங்கே?" சவரிநாதன் குரலில் இன்னும் கொஞ்சம் வீறாப்பு மிச்சமிருந்தது.

"உங்க காலுக்குக் கீழே, பெரியப்பா. பெட்டிக்கு அடியில மோட்டார் இருக்கு. மேலே போற கம்பியிலேர்ந்து மின்சாரம் வருது. அதான் ரெண்டு பக்கமும் ஓடுது, திருப்ப வேண்டியதில்லை."

"அப்ப ஒனக்கு என்னதான் வேலை? ஸ்டூல்ல உட்காந்து வேடிக்கை பாக்குறதா?"

அருளப்பன் சிரித்தான். "இந்தக் கைப்பிடியை அமுக்கிக்கிட்டே இருக்கணும். வண்டி ஓடுற நேரம் முழுக்க. ஓட்டுறவன் மயங்கி விழுந்து கை விலகிச்சுன்னா வண்டி தானா நின்னுடும். அதுக்காக அப்படிப் பண்ணியிருக்காங்க. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க இல்லையா? உங்களை விட்டுட்டுப் போனப்பவும் அதைத்தான் அமுக்கிக்கிட்டிருந்தேன். திரும்பிப் பார்க்க வழியில்லை."

சவரிநாதன் கையை நீட்டினார். "காட்டு."

அருளப்பன் கையைக் கொடுத்தான். அவர் நகத்தைப் பார்க்கவில்லை. கையைத் திருப்பினார். உள்ளங்கையின் நடுவில், மண்வெட்டி பிடித்தவன் கையிலே விழுமே, அதைப்போல வட்டமாக, கல் மாதிரி ஒரு காய்ப்பு. தன் கட்டைவிரலால் அதை அழுத்திப் பார்த்தார். மண் சுமந்த காலத்துக் காய்ப்பு அவர் கையிலும் இருந்தது, பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல.

"எத்தனை வருஷம்?" என்றார்.

"நாலு வருஷம்."

"ம்." கையை விட்டார். பிறகு இரண்டு கைகளாலும் அதை மறுபடி பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை கோயில்ல எனக்கு ஒரு சோலி இருக்கு, மாப்பிள்ளை. இன்னைக்கு ராத்திரி வண்டிக்கே எங்களை ஏத்தி விட்டுரு."

"ஒரு நாள் தங்கிட்டுப் போகலாமே, பெரியப்பா?"

"வேணாம். ஒங்க வண்டி மாதிரி இல்லை, எங்க ஊரு வண்டி. தவறினா நாளைக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோவிலில் கூட்டம் கொள்ளவில்லை. பூசைக்கே எட்டிப்பார்க்காதவர்கள் கூட அன்றைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். அம்மாவும் மாமாவும் திரும்பி வந்து மூன்று நாளாகியும், மாமா யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஜெபமாலையம்மாள் வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆனால் தடை சொன்னவர் வாயால் வந்தால்தான் ஓலை வாசிக்கப்படும். அந்த மனுஷர் கோவிலில் எழுந்து நின்று தன் தோல்வியைச் சொல்வாரா, அல்லது காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிடுவாரா என்பது மரிய செல்விக்குத் தெரியவில்லை. கையிலிருந்த ஜெபமாலையில் தொங்கிய சிலுவையை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் காகிதத்தை எடுத்தார். வாசிக்கவில்லை. ஆண்கள் பக்கம் பார்த்தார்.

சவரிநாதன் எழுந்தார். போன ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே தூணுக்குப் பக்கத்தில் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"சாமி, தடை இல்லை. வாபஸ் வாங்கிக்கிறேன்." அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. "நான் பையனோட நகத்தைப் பாத்தேன் சாமி. உள்ளங்கையைத் திருப்பிப் பாக்கலை. தப்பு என் பேர்ல. அவன் எழுதினது அத்தனையும் மெய். வண்டியில எஞ்சின் இல்லை. பத்து நிமிசத்துக்கு ஒரு வண்டி ஓடுது. நானே ஆறு வரைக்கும் விரல் மடக்கிப் பாத்தேன்."

மரிய செல்வியின் கை விரிந்தது. சிலுவை அழுந்திய தடம் சிவப்பாக உள்ளங்கையில் பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, உட்காரும்" என்றார் சாமியார்.

"இல்லீங்க சாமி, இன்னும் ஒண்ணு இருக்கு. எஞ்சின் பெட்டிக்குக் கீழே இருக்கு. மேலே ஒரு கம்பி…"

"சவரிநாதா, உட்காரும்!"

உட்கார்ந்தார். சாமியார் ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றார். யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. சாமியார் காகிதத்தை மடித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் சவரிநாதனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அவர் துண்டைத் தரையில் விரித்து, கூழாங்கற்களை வரிசையாக வைத்து, எலெக்ட்ரிக் வண்டி எப்படித் திரும்பாமல் திரும்புகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் இல்லாம வண்டி ஓடுதாக்கும்! வாலுதான் தலையாக்கும்!" என்றான் ஒருவன். "மாப்பிள்ளை வீட்டுல நல்லாக் கவனிச்சிருக்காங்க மாமனை."

"டேய், நான் ஏறிப் போனேன்டா!"

"போன வாரம் இல்லையின்னீங்க, இந்த வாரம் இருக்குங்கிறீங்க. ரெண்டுல எதை நம்புறது?"

சவரிநாதன் கோபத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தார். மரிய செல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோவில் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர்! இங்கிட்டு வா தாயி! இவனுங்களுக்கு நீயாவது சொல்லு, அந்தக் கடிதாசியைக் கொண்டாந்து படிச்சுக் காட்டு!"

"அதெல்லாம் முடியாது மாமா" என்றாள் மரிய செல்வி, முகம் சிவக்க. "அது எனக்கு வந்த கடிதாசி."

"எனக்கில்ல எழுதியிருந்தாரு?" என்றாள் ஜெபமாலையம்மாள்.

மரிய செல்வி வேகமாக நடந்தாள். நாளைக்குக் கல்யாணம். சாயங்கால வண்டிக்கு மாப்பிள்ளை கீரனூரில் வந்து இறங்குகிறார். மாட்டு வண்டியை இப்போதே அனுப்பினால்தான் சரியாக இருக்கும்.